ஏலத்தில் எடுத்த முன்றில்

'ஏலம்' தமிழ்ச் சொல் அன்று. போர்த்துக்கீசியர் நம் துறைமுகங்களில் சரக்கைக் கூவி விற்றபோது வழங்கிய 'லெய்லாவ்' என்ற சொல்லே தேய்ந்து ஏலமாயிற்று என்பது அகராதி தரும் செய்தி. சாவியும் ஜன்னலும் அலமாரியும் மேசையும் அதே கப்பலில் வந்திறங்கியவை. (பாயசத்தில் மணக்கும் ஏலம் வேறு சொல்.) கதவு, தூண், திண்ணை, முற்றம் ஆகியவற்றுக்கு நாம் யாரிடமும் கை நீட்டவில்லை.

எங்கள் வீட்டில் இருவருமே கல்லூரி ஆசிரியர்கள். ஒருவர் தமிழ், மற்றவர் வணிகவியல். கடன்சொற்கள் என்ற தலைப்பில் மேற்கண்ட பட்டியலைப் பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிவந்திருக்கிறோம். 2018ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஒரு காலை, அந்தப் பட்டியலின் பாதி ஒரு செய்தித்தாள் விளம்பரத்தில் வந்து நின்றது. ஒரு வங்கியின் ஏல அறிவிப்பு. புதுச்சேரி நகரின் தமிழர் பகுதியில் 18 அடி முகப்பும் 80 அடி நீளமும் கொண்ட மனையும், 'அதிலுள்ள பழைய கட்டடமும்'.

அந்தக் கடைசிச் சொற்களை எங்களால் எளிதாகக் கடக்க முடியவில்லை. பின்னர் மதிப்பீட்டு அறிக்கையைப் பார்த்தபோது அதன் பொருள் விளங்கிற்று. மனைக்கு விலை போட்டிருந்தார்கள். கட்டடத்திற்கு நேராக ஒரு சிறு கோடு மட்டும் இருந்தது.

*

புதுச்சேரியை அறியாத வாசகர்களுக்காகச் சில சொற்கள். 1761இல் ஆங்கிலேயர் இந்நகரைத் தரைமட்டமாக்கினர். 1765 முதல் பிரெஞ்சுக்காரர் பழைய கட்டங்களின் மேலேயே அதை மீண்டும் எழுப்பினர். நேர்கோட்டு வீதிகள், நடுவே தெற்கு வடக்காக ஓடும் பெரிய வாய்க்கால். வாய்க்காலுக்குக் கிழக்கே, கடலை ஒட்டி, வெள்ளையர் பகுதி. மேற்கே தமிழர் பகுதி. வெள்ளையர் வீடுகள் உயர்ந்த மதிலை வீதிக்குக் காட்டி, தோட்டத்தைத் தமக்குள் வைத்துக்கொண்டன. தமிழர் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி வரிசையாக நின்று, தம் முகத்தை வீதிக்குக் கொடுத்தன. ஒவ்வொரு வீட்டின் முன்னும் மரத்தூண்கள் தாங்கும் சரிவான தாழ்வாரம். அதன் கீழே திண்ணை. ஒரு வீட்டுத் தாழ்வாரம் அடுத்த வீட்டுத் தாழ்வாரத்தைத் தொட, வெயிலிலும் மழையிலும் வழிப்போக்கர் தலை நனையாமல் வீதியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து போகலாம்.

இலக்கணப்போலிக்கு மாணவர்களிடம் நாங்கள் காட்டும் எடுத்துக்காட்டுகள் இரண்டு: இல்முன் என்பது முன்றில் ஆனது, கால்வாய் என்பது வாய்க்கால் ஆனது. புதுவை நகரம் இந்த இரண்டு சொற்களால் ஆனது என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இவற்றுள் பல வீடுகளுக்கு மாடி பின்னாளில் சேர்ந்தது. கீழ்த்தளம் தமிழ் வீடு. மேல்தளத்தில் வளைவுச் சாளரம், சுவரோடு ஒட்டிய அரைத்தூண், சுதைக் கைப்பிடிச் சுவர் எனப் பிரெஞ்சுச் சாயல். ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை இக்கலப்பின் புகழ்பெற்ற சான்று. 1908 முதல் 1918 வரை புதுவையில் வாழ்ந்த பாரதியார் குடியிருந்த வீடு ஈசுவரன் தருமராசா கோயில் வீதியில் நினைவில்லமாக நிற்கிறது. வைசியாள் வீதியில் வரிசையாகப் பல முகப்புகளைச் சீரமைத்த முயற்சிக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. இவை பெருமைக்குரியவை. ஆனால் 2014 நவம்பர் மழையில் கடற்கரைச் சாலையின் பழைய நகர்மன்றக் கட்டடமான மேரி, ஒரு பிற்பகலில் சரிந்து விழுந்ததையும் இந்நகரம் பார்த்தது. அரசின் கட்டடத்திற்கே அந்நிலை என்றால், பங்காளிச் சண்டையிலும் கடனிலும் சிக்கிய தனியார் வீடுகளின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. அவை ஓசையின்றி மறைகின்றன. ஒரு நாள் நீலநிறத் தகரம் மறைக்கிறது. ஆறு மாதம் கழித்துக் கீழே வண்டி நிறுத்தும் இடமும் மேலே நான்கு அடுக்குமாக ஒரு பெட்டி நிற்கிறது. ஒட்டி நின்ற வீடுகளில் ஒன்று போனால் அதன் இருபுறத்துச் சுவர்களும் பல் பிடுங்கிய ஈறுபோல் வெறுமையாகின்றன. ஏலத்திற்கு வந்த வீட்டின் தென்புறத்தில் அதுவே நடந்திருந்தது.

*

நாங்கள் பார்க்கச் சென்றபோது தெருக்கதவில் வங்கியின் சுவாதீன அறிவிப்பு ஒட்டப்பட்டு, மழையில் பாதி கரைந்திருந்தது. தாழ்வாரத்தின் ஓடுகள் சரிந்து கிடந்தன. மாடியின் கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று ஒன்று ஆளுயரம் வளர்ந்திருந்தது. உள்ளே நடையைக் கடந்ததும் முற்றம். சுற்றிலும் எட்டு மரத்தூண்கள். அவற்றுள் இரண்டின் அடியைக் கரையான் தின்றிருந்தது. முற்றத்தில் விழுந்த ஒளி மட்டும் பழுதின்றி இருந்தது.

இரண்டாம் கட்டில், சமையலறைக்கு அப்பால் ஓர் அறையில், ஒரு மூதாட்டி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

ஏல அறிவிப்பில் அவரைப் பற்றிய குறிப்பு ஏதும் இல்லை. வீட்டை அடைமானம் வைத்தவரின் அத்தை அவர். அப்போது அவருக்கு வயது 74. அந்த வீட்டில் பிறந்து, மணமாகிச் சென்று, இரண்டே ஆண்டில் கைம்பெண்ணாகத் திரும்பி வந்து, பிறகு வெளியே எங்கும் வாழாதவர். எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்களும் ஏலத்துக்குப் பாக்க வந்தவங்களா?" என்று கேட்டார். ஆமென்றோம்.

"முன்னாடி வந்தவங்க டேப்பு வச்சுத் தரையை அளந்தாங்க. நீங்க மேல பாக்குறீங்க. வாங்கினா இடிச்சிடுவீங்களா தம்பி?"

"இடிக்க மாட்டோம்மா."

"எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க" என்றார், புடைப்பதை நிறுத்தாமல்.

*

இவ்வகை ஏலம் எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறோம். பழைய வீடுகளின் மேல் ஆசை கொண்ட நண்பர்கள் பலர் இது பற்றிக் கேட்கிறார்கள்.

வங்கிகள் இதைச் செய்வது 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டத்தின்படி. கடன் வாராக்கடன் ஆனபின், நீதிமன்றம் செல்லாமலே, அடைமானச் சொத்தை விற்று எடுத்துக்கொள்ள அச்சட்டம் இடமளிக்கிறது. முதலில் 60 நாள் கெடு வைத்து ஓர் அறிவிப்பு. பணம் வராவிட்டால் சொத்தைச் சுவாதீனம் எடுத்ததாகக் கதவில் ஒட்டி, இரண்டு செய்தித்தாள்களில் வெளியிடுவார்கள். பின் ஏலம். கடனாளிக்குக் குறையிருந்தால் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தை அணுகலாம். ஏல அறிவிப்பு வெளிவரும் முன்பே முழுத் தொகையையும் கட்டினால்தான் சொத்தை மீட்க முடியும் என்பது 2016இல் வந்த திருத்தம். 2023இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

வாங்குபவர் கவனிக்க வேண்டியது சுவாதீனம் என்ற சொல்லை. அது இருவகைப்படும். தாளில் மட்டும் எடுத்த சுவாதீனம் ஒன்று. ஆட்களை வெளியேற்றிப் பூட்டுப் போட்ட சுவாதீனம் மற்றொன்று. முதல் வகையில் வீட்டுக்குள் இருப்பவர்கள் இருந்தபடியே இருப்பார்கள். அவர்களை வெளியேற்ற மாவட்ட ஆட்சியரிடம் வங்கி மனுச் செய்ய வேண்டும். அதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்று யாரும் உறுதி சொல்வதில்லை. அறிவிப்பின் அடியில் 'எங்கே உள்ளதோ அங்கே, எப்படி உள்ளதோ அப்படியே' என்றொரு வரி இருக்கும். சொத்து வரிப் பாக்கி, மின்கட்டணப் பாக்கி, விரிசல், கரையான், குடியிருப்பவர் என அனைத்தும் அந்த ஒரு வரிக்குள் அடக்கம்.

பணக் கணக்கு இது. ஏலத்தில் கலந்துகொள்ளக் குறைந்தபட்ச ஏலத்தொகையில் பத்தில் ஒரு பங்கை முன்வைப்பாகக் கட்டினோம். ஏலம் நம் பெயரில் முடிந்தால் அன்றோ அடுத்த வேலைநாளிலோ மொத்தத்தில் கால் பங்கை எட்டும்படி கட்டிவிட வேண்டும். மீதி முக்கால் பங்கிற்கு, விற்பனை உறுதியான நாளிலிருந்து 15 நாள். எழுதிக் கேட்டு, வங்கியும் இசைந்தால், மூன்று மாதம் வரை நீளலாம். தவறினால் கட்டிய பணம் பறிபோகும்.

எங்கள் வீடு முதல் ஏலத்தில் 1 கோடியே 8 லட்சத்திற்கு அறிவிக்கப்பட்டது. எவரும் வரவில்லை. இரண்டாம் முறையும் வரவில்லை. மூன்றாம் முறை 87 லட்சத்து 50 ஆயிரம். எங்கள் கண்ணில் பட்டது இந்த மூன்றாவது அறிவிப்பு.

*

வாங்குவதா வேண்டாமா என்று பதினெட்டு நாள் பேசினோம். 'நாங்கள்' என்று எழுதுவது எளிது. அந்தப் பதினெட்டு நாளும் நாங்கள் இருவராகவே இருந்தோம்.

எங்களுள் தமிழ் படித்தவரின் வாதம்: நாம் எடுக்காவிட்டால் வேறொருவர் எடுப்பார், எடுப்பவர் இடிப்பார், நாம் எடுத்தால் வீடு நிற்கும். வணிகவியல் படித்தவரின் மறுமொழி: "ஏலத்தில் எடுக்கும் எல்லோருக்கும் வசதியான வாதம் அது. வீடு நிற்கிறதா என்பது ஒரு கேள்வி. யாருடைய பணத்தில் நிற்கிறது என்பது வேறொரு கேள்வி." பிறகு ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். வட்டியோடு கடன் 1 கோடியே 30 லட்சம். முதல் ஏலத்தின் விலைக்குப் போயிருந்தால் கடனாளிக்கு 22 லட்சம் பாக்கி நிற்கும். நாம் 88 லட்சத்திற்கு எடுத்தால் 42 லட்சம் நிற்கும். ஏலத்தொகை கடனை விட அதிகமாக இருந்தால் மிச்சத்தை உரியவருக்குத் தரவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. குறைவாக இருந்தால் குறையும் அவர் தலையிலேயே. ஆக, நமக்கு மலிவாகக் கிடைக்கும் 20 லட்சமும் அவர் தலையில் ஏறும் 20 லட்சமும் ஒன்றுதான். தாளின் பக்கம் மட்டுமே வேறு.

இந்தக் கணக்கிற்கு எங்களிடம் அன்றும் விடை இல்லை, இன்றும் இல்லை. எழுதும்போது இதைத் தவிர்த்துவிட்டுச் சுண்ணாம்பையும் தேக்கையும் மட்டும் பேசலாம். அப்படிப் பேசும் கட்டுரைகள் நிறைய இருக்கின்றன.

கடனாளியைப் போய்ப் பார்த்தோம். முத்தியால்பேட்டையில் ஒரு வாடகை வீட்டில் இருந்தார். ஐம்பதைக் கடந்தவர். நண்பரின் தொழிலுக்குப் பிணை நின்றவர். (சங்கப் பாடல்களில் பிணை என்றால் பெண்மான். வகுப்பில் அச்சொல்லைச் சொல்லும்போதெல்லாம் இப்போது அவர் முகம் நினைவுக்கு வருகிறது.) நாங்கள் தயங்கித் தயங்கிப் பேச, அவரே முடித்துவைத்தார்: "நீங்க எடுக்கலேன்னா நாலாவது தடவை இன்னும் கொறைச்சுப் போடுவாங்க சார். எனக்கு இன்னும் ஏறும். எடுக்கிறதா இருந்தா எடுங்க. அத்தையை மட்டும் அலைய விட்றாதீங்க." அவர் சொன்னதில் கசப்பு இல்லாமல் இல்லை. ஆனால் கணக்கு சரியாக இருந்தது.

அக்டோபரில் ஒரு முற்பகல், கணினித் திரையின் முன் ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தோம். குறைந்தபட்சத் தொகைக்கு மேல் ஐம்பதாயிரம் சேர்த்து 88 லட்சம் என்று பதிந்தோம். வேறு எவரும் வரவில்லை. ஏலம் என்றால் கூவல் என்று இருந்த எங்களுக்கு, அந்த அமைதி விசித்திரமாக இருந்தது. மறுநாள் 13 லட்சத்து 25 ஆயிரம் கட்டினோம். மீதி 66 லட்சத்தில் 45 லட்சம் வேறொரு வங்கியில் வீட்டுக்கடன். எஞ்சியது சேமநிதி, நகை, முந்தைய ஆண்டு வில்லியனூர்ப் பக்கம் விற்ற மனையின் பணம். ஏலச் சொத்துக்குக் கடன் கொடுக்க வங்கிகள் தயங்கியதால் 60 நாள் நீட்டிப்புப் பெற்றே முடித்தோம். 50 லட்சத்திற்கு மேற்பட்ட சொத்து என்பதால் ஒரு விழுக்காட்டை வருமான வரிக்கென நாங்களே பிடித்துக் கட்ட வேண்டியிருந்தது. கடனில் போன வீட்டைக் கடன் வாங்கி எடுத்தோம் என்பதே சுருக்கம். கடன் என்ற சொல்லுக்குக் கடமை என்பது பழம்பொருள். இரண்டு பொருளையும் ஒருசேரத் தாங்கும் சொல் வேறு மொழிகளில் எத்தனை இருக்கும் என்று தெரியவில்லை. எங்கள் வீட்டுக்கு அது பொருந்திவிட்டது.

*

அத்தையம்மாவின் நிலையை (அவரை அப்படித்தான் அழைக்கிறோம்) வழக்கறிஞரிடம் சொன்னபோது அவர் நெற்றியைச் சுருக்கினார். "வாடகை மட்டும் வாங்கிடாதீங்க. வாடகைதாரர்னு ஆயிட்டா நாளைக்குச் சிக்கல்" என்றார். ஆயுள் உள்ளவரை பின்கட்டு அறையில் இருக்க அனுமதி என்று ஓர் ஒப்பந்தம் எழுதினோம். அத்தையம்மா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "சும்மா இருக்க எனக்கு ஒப்பாது. மாசம் ஐந்நூறு தருவேன்" என்றார். வழக்கறிஞரின் அறிவுரையைச் சொன்னோம். "சட்டத்துக்கு வேற பேரு வச்சுக்கங்க. பணத்தை வாங்கிக்கங்க." முதியோர் ஓய்வூதியத்திலிருந்து அவர் தரும் அந்த ஐந்நூறுக்கு மாதந்தோறும் ரசீது எழுதுகிறோம். 'மின்கட்டணப் பங்கு' என்று.

விற்பனைச் சான்றிதழ் 2019 சனவரியில் கைக்கு வந்தது. அதனோடு பழைய பத்திரக் கட்டும் வந்தது. மிகப் பழையது 1911ஆம் ஆண்டுப் பத்திரம். நொத்தேர் எனப் புதுவையில் வழங்கும் பத்திர அலுவலரின் கையெழுத்தில், பிரெஞ்சு மொழியில். பிரெஞ்சுச் சட்டம் படித்த ஒரு பெரியவர் எங்களுக்கு வரிவரியாக வாசித்துப் பொருள் சொன்னார். வடபுறச் சுவரைக் குறிக்குமிடத்தில் 'மித்வாயான்' என்றொரு சொல் வருகிறது. இரு வீட்டுக்கும் பொதுவான சுவர் என்று பொருள். ஒருவர் நினைத்தால் இடிக்க முடியாது. பழுதானால் இருவரும் சேர்ந்து செப்பனிட வேண்டும். வரிசை வீட்டின் அறமே அந்த ஒரு சொல்லில் இருப்பதாகப் பட்டது. வடபுறத்து அண்டை வீட்டாரிடம் அப்பத்திரத்தைக் காட்டினோம். அவர்களும் தங்கள் பத்திரத்தை எடுத்து வந்தார்கள். அதிலும் அதே சொல். அந்தச் சுவரின் செலவு பாதி பாதியானது.

*

வேலை 2019 ஆகஸ்டில் தொடங்கிற்று. காரைக்குடிப் பக்கத்திலிருந்து வந்த மூத்த கொத்தனார் முதல் நாள் எதையும் அளக்கவில்லை. சுவரின் அடியிலிருந்து உதிர்ந்த செங்கல் துகளை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்பு ஏறியிருக்குங்க. யாரோ சிமெண்டு பூசியிருக்காங்க" என்றார். அவர் சொன்னது சரி. இருபது ஆண்டுகளுக்கு முன் ஈரம் தெரியாதிருக்க இடுப்பளவுக்குச் சிமெண்டு பூசியிருந்தார்கள். பழைய சுவர்களுக்கு அடியில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு கிடையாது. மண்ணின் ஈரம் செங்கல் வழியே மேலேறும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தைக் காற்றில் விட்டுவிடும். சிமெண்டு விடாது. வெளியேற வழியில்லாத ஈரம் மேலும் உயரே ஏறி, உப்பைச் செங்கல்லுக்குள்ளேயே படியவைத்து, கல்லை மாவாக்கும். மறைக்கப் பூசியதே சுவரை அரித்துக்கொண்டிருந்தது. அத்தனையையும் கொத்தி எடுத்து, ஒரு கோடை முழுவதும் சுவரை வெறுமையாக உலரவிட்டோம். அந்தக் கோடை 2020ஆம் ஆண்டின் ஊரடங்கோடு வந்ததால், உலர்வதற்கு நேரம் தேவைக்கு மேலேயே கிடைத்தது.

மெட்ராஸ் டெரஸ் எனப்படும் மெத்தைத் தளம் எங்களுக்குப் பெரிய பாடம். ஒன்றரை அடிக்கு ஒன்றாகத் தேக்கு உத்தரங்கள். அவற்றின்மேல், ஓர் அங்குலத் தடிப்பே உள்ள சிறு அச்சுக்கற்களைக் குத்தாக, மூலைவாட்டில், சுண்ணாம்புச் சாந்து தோய்த்து அடுக்குவார்கள். கற்கள் ஒன்றையொன்று இறுக்கிக்கொள்வதால் இடையே தாங்கு பலகை எதுவும் தேவையில்லை. அதன்மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்த மூன்று அங்குலக் காரை. அதை மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்ட வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக அமர்ந்து தட்டினார்கள். ஐந்தாம் நாள் கட்டையின் ஓசை மாறிற்று. மண்ணைத் தட்டும் ஓசை போய்க் கல்லைத் தட்டும் ஓசை வந்தது. "இனி போதும்" என்றார் கொத்தனார். அதற்குமேல் தட்டோடு பதித்து முடித்தார்கள். இவ்வேலை தெரிந்தவர்கள் அருகிவிட்டார்கள். அவரோடு வந்த இளைஞர்களில் ஒருவரே அந்த ஓசையைக் கேட்கக் கற்றுக்கொண்டார்.

கூடத்தின் பதினான்கு உத்தரங்களில் ஐந்து, சுவருக்குள் புதைந்த முனையில் மக்கியிருந்தன. புதுத் தேக்கின் விலை எட்டாதது. பழைய மரம் விற்கும் கடைகளில் தேடினோம். இடித்த வீடுகளின் உத்தரங்கள், கதவுகள், தூண்கள் அங்கே அடுக்கடுக்காகக் கிடக்கும். ஓர் உத்தரத்தின் பக்கவாட்டில் ஊஞ்சல் சங்கிலி தேய்த்த தழும்பு இருந்தது. யார் வீட்டு ஊஞ்சலோ. அந்த ஐந்தும் பர்மாத் தேக்கு. இப்போது எங்கள் கூடத்தைத் தாங்குகின்றன. விழுந்த வீடுகளின் தோளில்தான் இந்த வீடு நிற்கிறது என்பதை மேலே பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறோம்.

வீட்டைப் பற்றிய அறிவு முழுவதும் அத்தையம்மாவிடம் இருந்தது. முற்றத்து மழைநீர் எந்த வழியாக வீதிக்குப் போனது, எந்தக் கற்பலகைக்கு அடியில் கிணறு இருக்கிறது, எந்தத் தூண் பிற்காலத்தில் மாற்றியது என்று கேட்டால் சொல்வார். கேட்காமல் சொல்ல மாட்டார். முன்கட்டுக்கும் வர மாட்டார். முற்றத்தின் விளிம்பு வரை வந்து, அங்கிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்.

2020 நவம்பர் 25 இரவு நிவர் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. கூடத்தின் தளம் முடிந்திருந்தது; பின்கட்டின் தளத்தில் இன்னும் கைவைக்கவில்லை. மாலையிலேயே அவரை முன்கூடத்திற்கு வரும்படி கேட்டோம். மறுத்தார். இரவு எட்டு மணிக்கு அவர் அறையின் மூலையில் ஒழுகத் தொடங்கியபின், பாயைச் சுருட்டிக்கொண்டு தாமே வந்தார். கூடத்தில் படுத்து வெகுநேரம் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கப்பா காலத்துல அந்த வடகிழக்கு மூலை ஒழுகும். அதுக்குக் கீழ ஒரு பித்தளை அண்டா எப்பவும் இருக்கும்" என்றார். விடியும்வரை மூவரும் அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒழுகவில்லை. காலையில் அவர் சொன்னது, "அண்டாவை வித்தது சரிதான்" என்பது மட்டும். 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயல் ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் கொட்டியபோது பின்கட்டின் தளமும் சேர்ந்து தாங்கிற்று.

*

பணி பெரும்பாலும் முடிந்துவிட்டது. தாழ்வாரத்தை மீண்டும் எழுப்பியிருக்கிறோம். நண்பகலில் பழம் விற்கும் அம்மாவும் பள்ளிவிட்ட பிள்ளைகளும் திண்ணையில் உட்கார்ந்து போகிறார்கள். மாடியின் தெற்குச் சாளரங்கள் இன்னும் பாக்கி. வீட்டுக்கடன் இன்னும் பல ஆண்டுகள் ஓடும். எவ்வளவு செலவாயிற்று என்று கேட்கும் நண்பர்களுக்கு: 41 லட்சம், ஆறு ஆண்டு. இதே பணத்தில் புறநகரில் நல்ல வீடொன்று கட்டிக் குடியேறியிருக்கலாம்.

பத்திரக் கட்டை அவ்வப்போது எடுத்துப் பார்ப்பதுண்டு. 1911, 1938, 1962, 1994 என்று ஒவ்வொன்றிலும் கொடுத்தவர் பெயரும் பெற்றவர் பெயரும் கையெழுத்தும் இருக்கின்றன. ஓரிடத்தில் கைநாட்டு. விற்றோ, பாகம் பிரித்தோ, தானமாகவோ, ஒவ்வொரு முறையும் ஒருவர் தம் கையால் மற்றவருக்கு இந்த வீட்டைக் கொடுத்திருக்கிறார். எங்களுடைய 2019ஆம் ஆண்டுச் சான்றிதழில் மட்டும் வங்கியின் அங்கீகரிக்கப்பட்ட அதிகாரி கையெழுத்திட்டிருக்கிறார். வீட்டை இழந்தவரின் கையெழுத்து அதில் எங்கும் இல்லை. சட்டம் அதைக் கேட்பதும் இல்லை.

அவர் மாதம் ஒருமுறை அத்தையைப் பார்க்க வருகிறார். வரிசை வீட்டுக்குப் பின்வாசல் கிடையாது. நடை, முற்றம், கூடம் எல்லாம் கடந்தே பின்கட்டுக்குப் போகவேண்டும். நண்பர் வாங்கிய கடனை வங்கியோடு பேசித் தீர்த்து, தவணையாகக் கட்டிவருவதாகச் சொன்னார். முதல் முறை வந்தபோது, பிறந்து வளர்ந்த அந்தப் படியில் நின்று, "வரலாமா சார்?" என்று கேட்டார். "இதைக் கேட்க வேண்டுமா, வாங்க" என்றோம். அடுத்த மாதமும் கேட்டார். அதற்கடுத்த மாதமும். ஏழு ஆண்டுகளாகக் கேட்கிறார். நாங்களும் அதே விடையைச் சொல்கிறோம். கேட்பதை அவர் நிறுத்தப் போவதில்லை என்பது எங்களுக்கு இப்போது புரிந்திருக்கிறது. ஆகவே அவர் வரும் நாளில் தெருக்கதவை முன்கூட்டியே அகலத் திறந்து வைத்துவிட்டு, நாங்கள் இருவரும் திண்ணையில் வந்து உட்கார்ந்துகொள்கிறோம்.